உறைதல் வேறு, உறைகட்டி வேறு

என் சித்தி மகனுக்கு முப்பதாவது வாரத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. மருத்துவமனையில் கொடுத்த தமிழ்த் தாளை என்னிடம் நீட்டினான். 'தொப்புள் நரம்பு வீக்கம், இரத்த உறைவுக் கோளாறு' என்றிருந்தது. "அண்ணா, பிள்ளைக்கு இரத்தம் உறைகிறதா, உறையவில்லையா?" என்று கேட்டான். அந்த வரியை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியவில்லை. பின்பக்கத்தில் ஹெப்பாரின் என்ற, உறைதலைத் தடுக்கும் மருந்தின் பெயரைக் கண்ட பிறகுதான், எங்கோ உறைந்து அடைத்திருக்கிறது என்று விளங்கியது.

இரத்தம் உறைவதை ஆங்கிலத்தில் சொல்லும் கோயாகுலேஷன் என்ற சொல்லின் வேர் லத்தீன் 'கோயாகுலும்', அதாவது பாலைத் திரைய வைக்கும் பொருள். நமக்கும் 'உறை' அதுவே. ஆய்மகள் நகத்தால் தெறித்த 'குடப்பால் சில்லுறை' குடத்துப் பால் முழுவதையும் கலக்கிவிடுவதை, பகைப்படையைக் கலக்கும் வீரனுக்கு உவமையாக்குகிறது புறநானூற்றின் 276ஆம் பாட்டு. ஆக, 'உறைதல்' என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. நாளத்துக்குள் இரத்தம் கட்டியாகி அடைப்பதைச் சொல்லும் த்ரோம்போசிஸ் என்ற சொல்லின் வேர் கிரேக்க 'த்ரோம்போஸ்', கட்டி. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் ருடால்ப் விர்ச்சோ அதை விளக்கி நிலைநிறுத்தினார்.

இந்த இரண்டையும் 'இரத்த உறைவு' என்றே எழுதுகிறார்களே, அதுதான் என் ஆற்றாமை. காயம் பட்ட இடத்தில் இரத்தம் உறைவது உயிர் காக்கும் வேலை. காயமே இல்லாத நாளத்துக்குள் கட்டியாகி ஓட்டத்தை மறிப்பது நோய். குறைமாதப் பிள்ளைக்கு இரண்டு ஆபத்தும் உண்டு. கல்லீரல் முதிராததால் உறையவைக்கும் காரணிகள் குறைவு, வைட்டமின் கே-யும் குறைவு, மூளையில்கூட இரத்தம் கசியலாம். உறைதலைக் கட்டுப்படுத்தும் ஆன்டித்ரோம்பின், புரோட்டீன் சி ஆகியவையும் குறைவு. தொப்புள் சிரை (தாளில் 'நரம்பு' என்றிருந்த இரத்த நாளம்) புடைத்து இரத்தம் அங்கே சுழன்று தேங்கினாலோ, அதன் வழியே மெல்லிய குழாய் செலுத்தினாலோ, கட்டி உண்டாகிக் கல்லீரலுக்குள் இரத்தம் கொண்டுசெல்லும் வாயிற்சிரை வரை போகலாம். கசிவுக்கு வைட்டமின் கே, கட்டிக்கு ஹெப்பாரின். எதிரெதிர் மருத்துவம் கேட்கும் இரண்டு நிலைகளுக்கு ஒரே சொல்லா?

'உறைதல் என்பது இயல்பு, உறைவு என்பது நோய். வேறுபடுத்தித்தானே எழுதுகிறோம்' என்று மொழிபெயர்ப்பாளர்கள் வாதிடுவார்கள். தல், வு இரண்டும் தொழிற்பெயர் விகுதிகள். உயர்தல் நலம், உயர்வு நோய் என்று யாராவது கொள்வோமா? விகுதியில் ஒளித்துவைத்த வேறுபாடு, தூக்கமில்லாமல் வார்டு வாசலில் நிற்கும் தகப்பன் கண்ணில் படாது. அதனுடன் 'கோளாறு' சேர்ந்தால் இன்னும் கெட்டது. உறைவதில் கோளாறா, உறைவதால் கோளாறா? ஏழாம் வேற்றுமைத் தொகையா, மூன்றாம் வேற்றுமைத் தொகையா? இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. பிள்ளையின் உடம்பு தராது.

நாளத்துக்குள் அடைக்கும் கட்டிக்கு 'இரத்தக்கட்டு' என்பதையும் நான் ஏற்கமாட்டேன். கதவில் இடித்துக்கொண்டு நெற்றி கன்றினால் இரத்தம் கட்டிவிட்டது என்று மஞ்சள் பற்றுப் போடுகிறோம். அது நாளத்துக்கு வெளியே நிற்பது. உள்ளே உறைந்து கட்டியானது 'உறைகட்டி'. நோயை 'நாள உறைகட்டி' என்று சொல்லலாம். இரத்தம் உறையாத நிலையை 'உறையாமை' என்றே வெளிப்படையாக எழுதலாம்.

'தொப்புள் நரம்பு' பற்றியும் ஒரு வார்த்தை. நரம்பில் ஊசி போடுவது பேச்சு வழக்கு, இருக்கட்டும். நரம்பியல் மருத்துவரும் வந்து பார்க்கும் வார்டில், தாளில் அப்படி எழுதினால் குழப்பம்தான். தொப்புள்கொடியில் இரண்டு தமனி, ஒரு சிரை. தாயிடமிருந்து பிராணவாயு நிறைந்த இரத்தத்தைப் பிள்ளைக்குக் கொண்டுவருவது அந்த ஒற்றைச் சிரை. அதன் சுவர் விரிவது வீக்கம் அல்ல, புடைப்பு.

தம்பியின் தாளில் பென்சிலால் அடித்து எழுதினேன்: 'தொப்புள் சிரைப் புடைப்பு, அதில் உறைகட்டி.' இரண்டு முறை படித்தான். "அப்போது இந்த ஊசி கட்டியைக் கரைக்கவா அண்ணா?" என்றான். "அது மேலும் வளராமல் தடுக்க" என்றேன். கட்டி எவ்வளவு பெரியது என்று மருத்துவரிடம் கேட்க எழுந்து போனான்.