"எரர் எதுவும் வரலையே சார்!"

நேற்று இரவு பதினொரு மணிக்கு ஒரு மாணவர் படம் ஒன்று அனுப்பினார். லேப்டாப் திரையைப் போனில் சாய்வாக எடுத்த படம். பாதி வரிகள் விளக்கு வெளிச்சத்தில் மறைந்துபோயிருந்தன. கூடவே செய்தி: "நாலு மணி நேரமா பார்க்கிறேன் சார். பைத்தானையே அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிட்டேன். எரர் எதுவும் வரலை, ஆனா சப்மிட் பண்ணினா தப்புன்னு சொல்லுது."

பைத்தான் என்ற கணினி மொழியில் எளிதான பயிற்சிதான். 1 முதல் 7 வரை ஒரு எண்ணை வாங்க வேண்டும். 6 அல்லது 7 என்றால் 'விடுமுறை', மற்றதெல்லாம் 'வேலை நாள்'. அவர் எழுதியிருந்த வரி இது (இஃப் என்றால் 'இப்படி இருந்தால்', == என்றால் 'சமமா', ஆர் என்றால் 'அல்லது'):

இஃப் நாள் == 6 ஆர் 7:

இந்த மாதத்தில் மட்டும் இது ஐந்தாவது முறை. ஆள் வேறு, பயிற்சி வேறு, வரி மட்டும் அதேதான். இனி யாராவது கேட்டால் இந்தக் கட்டுரையை அனுப்பிவிட்டுத் தூங்கப் போவதாக உத்தேசம்.

"என்னென்ன எண் கொடுத்துப் பார்த்தீங்க?" என்று கேட்டேன். "6, 7 ரெண்டுமே கொடுத்தேன் சார். சரியா விடுமுறைன்னு வந்தது." "3 கொடுத்தீங்களா?" கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் வந்தது: "அதுக்கும் விடுமுறைன்னு வருது சார்."

வாரம் ஏழு நாளும் விடுமுறை. நான்கு மணி நேரத்தில் அவர் அந்த 3-ஐ ஒரு தடவை தட்டியிருந்தால் போதும்.

எரர் வராததற்கும் கோடு, அதாவது நாம் எழுதும் புரோகிராம் வரிகள், சரியாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறுவதில்லை, அதனால் நிதானமாகவே சொல்கிறேன். நீங்கள் எழுதிய வரியைப் படிக்க முடியவில்லை என்றாலோ, சொன்ன வேலையைச் செய்ய வழியில்லை என்றாலோதான் கணினி எரர் காட்டும். படிக்க முடிந்தால், செய்ய முடிந்தால், செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் மனதில் இருந்த விடுமுறை எது, வேலை நாள் எது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 'தினமும் விடுமுறை' என்பதும் அதற்கு ஒழுங்கான புரோகிராம்தான். எழுத்துப் பிழை இல்லாமல் ஒரு பொய்யை எழுத முடியும் அல்லவா? அது மாதிரிதான் இதுவும்.

சரி, அந்த வரியில் என்ன கோளாறு? நாம் பேசும்போது "ஆறோ ஏழோ வந்தால் விடுமுறை" என்போம். இரண்டு எண்ணுக்கும் சேர்த்து ஒரே 'வந்தால்' போதும், கேட்பவருக்குப் புரிந்துவிடும். கணினி அப்படிக் கூட்டிப் படிக்காது. ஆர் என்பதன் இரு பக்கமும் அதற்கு இரண்டு தனிக் கேள்விகள். இடப்பக்கம், நாள் 6-க்குச் சமமா? வலப்பக்கம், 7? வெறும் 7. பூச்சியம் அல்லாத எந்த எண்ணும் கண்டிஷனில் (இஃப் சோதிக்கும் கேள்வியில்) உண்மை என்றே கணக்கு. ஆகவே இடப்பக்கம் என்ன ஆனாலும் வலப்பக்கம் காப்பாற்றிவிடும். (ஜாவா மொழியில் இதே வரியைக் கம்பைலர், அதாவது கோடை இயக்கும் முன் படித்து மொழிபெயர்க்கும் மென்பொருள், வாசலிலேயே தடுத்து நிறுத்திவிடும். பைத்தானுக்கும் சி மொழிக்கும் அந்தக் கண்டிப்பு கிடையாது.)

இதை என் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளவே வேண்டாம். இஃப் வரிக்கு மேலே, அந்தக் கண்டிஷனை அப்படியே பிரிண்ட்டுக்குள் போடுங்கள். நாளுக்கு 3 கொடுத்தால் திரையில் ட்ரூவும் (உண்மை) வராது, ஃபால்ஸும் (பொய்) வராது. 7 என்று வரும். ஆமா இல்லையா என்று கேட்டதற்கு ஏழு என்று பதில் வந்தால், கேள்வியில்தானே தப்பு? நாள் == 6 ஆர் நாள் == 7 என்று இரண்டு பக்கமும் முழுதாக எழுதுங்கள். விரல் தேய்ந்துவிடாது.

இதன் தம்பி ஒருவன் இருக்கிறான், இன்னும் மோசம். மெனுவில் 1, 2 தவிர வேறு எதைக் கொடுத்தாலும் 'மறுபடி கொடுக்கவும்' என்று கேட்க வேண்டும். பலர் எழுதுவது (!= என்றால் 'சமமில்லை'): தேர்வு != 1 ஆர் தேர்வு != 2. புரோகிராம் சாகும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். 1 கொடுத்தால் அது 2 இல்லை. 2 கொடுத்தால் அது 1 இல்லை. ஒரே எண் ஒரே நேரத்தில் 1 ஆகவும் 2 ஆகவும் இருக்க முடியாது என்பதால், இரண்டில் ஒரு பக்கம் எப்போதும் உண்மை. 'இல்லை' உள்ளே நுழைந்தால் ஆர் போய் அண்ட் (இரு பக்கமும் உண்மையானால்) ஆகிவிடும். பாடத்தில் டி மார்கன் விதி என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள், தேர்வு முடிந்ததும் மறந்திருப்பீர்கள். விதி வேண்டாம், தமிழில் சொல்லிப் பாருங்கள். "ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை என்றால்." அந்த 'உம்' வருகிறதே, அதுதான் அண்ட். "ஒன்றோ இரண்டோ" என்ற 'ஓ' வந்தால் ஆர். நம் மொழியில் கண்டிஷன் ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கிறது. கோடாக மாற்றும்போதுதான் கெடுக்கிறோம்.

மதிப்பெண்ணுக்கு கிரேடு போடும் பயிற்சியில் 50-க்கு மேல் என்பதை முதலில் கேட்டுவிட்டு 90-ஐ அப்புறம் எலிஃப்பில் (முந்தைய கேள்வி பொய்யானால் மட்டும் வரும் இஃப்) கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 95 எடுத்தவர் முதல் வாசலிலேயே உள்ளே போய்விடுவார், 90-க்கான வரி வரை வரவே மாட்டார். எலிஃப்புக்குப் பதில் எல்லாம் தனித்தனி இஃப் என்று போட்டால் அவருக்கு இரண்டு கிரேடு கிடைக்கும். கடைசி எல்ஸ் ('இல்லாவிட்டால்') அதற்கு நேர் மேலே இருக்கும் இஃப்புக்கு மட்டுமே சொந்தம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்புட்டில் வாங்கிய எண் ஸ்ட்ரிங் ஆக, அதாவது வெறும் எழுத்தாகத்தான் வரும். அதை இன்ட் (முழு எண்) ஆக மாற்ற மறப்பதும் உண்டு. பைத்தான் 3-இல் ஸ்ட்ரிங்கையும் எண்ணையும் > போட்டு ஒப்பிட்டால் கத்திக் கூப்பாடு போடும், நல்லது. == போட்டால் கமுக்கமாக ஃபால்ஸ் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். கத்தாத பிழைதான் எனக்குப் பயம்.

ஒற்றைச் சமக்குறி விஷயமும் அப்படித்தான். இஃப்புக்குள் = போட்டால் பைத்தான் விடாது, சி விட்டுவிடும். 2003-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் ஒரு நகலில் யாரோ இரண்டு வரிகளைச் செருகினார்கள். பார்த்தால் பயனர் எண் 0-ஆ என்று சோதிப்பது போலத்தான் இருக்கும். ஆனால் அங்கே இருந்தது ஒரே ஒரு சமக்குறி. சோதிப்பதற்குப் பதில் பயனர் எண்ணை 0 ஆக்கிவிடும், அதாவது ரூட் என்ற முழு அதிகாரத்தையே தூக்கிக் கொடுத்துவிடும். மூலப் பிரதியோடு நகல் ஒத்துப்போகாததால் மாட்டிக்கொண்டது. உங்கள் வீட்டுப்பாடத்தில் யாரும் சதி செய்யவில்லைதான், குறி மட்டும் அதே குறி.

இனி என்ன செய்ய வேண்டும்? கோடு தட்டுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த எண் கொடுத்தால் இந்த விடை வர வேண்டும். 'ஆம்' வர வேண்டியவை மட்டும் போதாது, 'இல்லை' வர வேண்டியவையும் வேண்டும். 50 எல்லை என்றால் 49, 50, 51 மூன்றையும் கொடுங்கள், > போட வேண்டிய இடத்தில் >= போட்டது அங்கேதான் தெரியும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நான்கு இடத்தில் கை வைத்துவிட்டு எது சரிசெய்தது என்று என்னைக் கேட்காதீர்கள். சாட்பாட்டிடம் ஒட்டித் திருத்தி வாங்குபவர்களே, உங்களைத் திட்டவில்லை. அது திருத்திய வரிக்கும் உங்கள் வரிக்கும் எந்த எண்ணில் விடை மாறுகிறது என்று மட்டும் கண்டுபிடித்துவிட்டு மூடுங்கள், தயவுசெய்து. பைத்தானை மறுபடி இன்ஸ்டால் செய்யாதீர்கள், அது பாவம்.

என்னிடம் கேட்கும்போது படம் வேண்டாம். கோடை எழுத்தாகவே ஒட்டுங்கள். கீழே என்ன கொடுத்தீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். இதை எழுதும்போதே பாதிப் பேர் "கண்டுபிடிச்சுட்டேன் சார்" என்று அடுத்த செய்தி அனுப்புகிறார்கள்.

அந்த மாணவர் இன்று காலை லீப் ஆண்டுப் பயிற்சியை அனுப்பியிருந்தார். 2024-க்கும் 2023-க்கும் சோதித்தாராம், இரண்டும் சரியாம். இரு பக்கமும் பார்த்திருக்கிறார், முன்னேற்றம்தான். 4-ஆல் வகுபட்டாலும் 100-ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு இல்லை, 400-ஆல் வகுபட்டால் மட்டும் உண்டு. எக்ஸெலே இன்றுவரை 1900-க்குப் பிப்ரவரி 29 இருந்ததாகக் கணக்கு வைத்திருக்கிறது, லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் செய்த தப்போடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே. இதையெல்லாம் அவருக்கு விளக்கவில்லை. "1900-உம் 2000-உம் கொடுத்துப் பாருங்க" என்று மட்டும் பதில் போட்டிருக்கிறேன்.