வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுக்கும் முன்

“உன்மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும், உன் எதிர்கால நலனைக் கருதியும், கீழ்க்கண்ட சொத்தை உனக்குத் தான செட்டில்மென்டாக எழுதிக் கொடுத்து, இன்றைய தினமே சுவாதீனமும் ஒப்படைத்துவிட்டேன். இனி எக்காலத்திலும் எக்காரணத்தை முன்னிட்டும் இப்பத்திரத்தை ரத்து செய்யவோ மாற்றவோ எனக்கு அதிகாரமில்லை.”

தமிழ்நாட்டில் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனாலும் ஏறத்தாழ இதே வாசகம்தான். ஆவண எழுத்தரின் கணினியில் தயாராகக் கிடக்கிறது. பெயர், சர்வே எண், நான்கு மால் (நான்கு பக்க எல்லை) மட்டும் மாறும். இதில் கையெழுத்துப் போட்டு, ரேகை வைத்து, கேமராவுக்கு முகம் காட்டிவிட்டு வந்த அப்பாவோ அம்மாவோ, இரண்டு மூன்று வருடம் கழித்து வக்கீல் அலுவலகப் படியேறி, “அதை ரத்து பண்ணிக் கொடுத்துடுங்க” என்கிறார்கள். இந்த மாதமும் அப்படி ஒரு பத்திரம் மேஜைக்கு வந்திருக்கிறது. கடைசி வரியைப் படித்துக் காட்டினால், “அது சும்மா எல்லாப் பத்திரத்துலயும் எழுதுறதுதானே” என்கிறார் எழுதிக் கொடுத்தவர்.

சும்மா எழுதுவது அல்ல. பத்திரத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியும் நாளை உங்களுக்கு எதிராக வாசிக்கப்படும்.

“நான் கொடுத்தது, நானே ரத்து பண்ணிக்கிறேன்” என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றையும்விட அதிகக் கேடு செய்கிறது. அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம். யாருக்காவது பவர் கொடுத்திருந்தால், பொதுவாக அதையும் கொடுத்தவரே ரத்துப் பத்திரம் பதிந்து, பவர் வாங்கியவருக்கு அறிவிப்பு அனுப்பி முடித்துவிடலாம். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, செட்டில்மென்டும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. செட்டில்மென்ட் என்பது கொடை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 122, 123-ஆம் பிரிவுகளின்படி, நீங்கள் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, பிள்ளை ஏற்றுக்கொண்டு, பத்திரம் பதிவானால் சொத்து கை மாறிவிட்டது. அதே சட்டத்தின் 126-ஆம் பிரிவு, கொடுத்தவரின் விருப்பத்தை மட்டும் வைத்துக் கொடையைத் திரும்பப் பெற முடியாது என்கிறது.

முன்பு பல சார்பதிவகங்களில் எழுதிக் கொடுத்தவர் தனியாகப் போய்ப் பதிந்த ரத்துப் பத்திரங்களை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அப்படிச் செய்ததாக நீங்கள் கேள்விப்பட்டிருந்தால் அது அந்தக் காலத்துச் செய்தி. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, ஒருதலைப்பட்சமான ரத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளர் ஏற்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. திரும்பப் பெறும் நிபந்தனை பத்திரத்திலேயே 126-ஆம் பிரிவுக்கு உட்பட்டு இருந்தால் மட்டும் அது வேறு கதை.

“பட்டா இன்னும் என் பெயர்லதான் இருக்கு.” இருக்கட்டும். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. உரிமையை மாற்றியது பத்திரம். “மூலப்பத்திரம் என் பீரோவுலதான் இருக்கு.” அதனாலும் பயனில்லை. உங்கள் பிள்ளை நகல் எடுத்துக்கொள்ள ஒரு மனு போதும். “வீட்டுல இன்னும் நான்தானே குடியிருக்கேன்.” சுவாதீனம், அதாவது வீட்டின் கைவசம், உங்களிடமே இருந்தாலும், ஆயுள்கால அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு எழுதியிருந்தாலும் கொடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. மின் இணைப்பும் வீட்டு வரி ரசீதும்கூட இந்தக் கணக்கில் வராது.

ஏன் இவ்வளவு அவசரமாக எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நிலம்தான் குடும்பத்தின் வருமானமாக இருந்த காலத்தில், அது யார் பெயரில் இருந்ததோ அவரைச் சுற்றித்தான் வீடு நடந்தது. பிள்ளைக்கு அப்பாவின் வயல் தேவை, அப்பாவுக்குப் பிள்ளையின் உழைப்பு தேவை. இன்று பிள்ளையின் சம்பளம் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறது. பெற்றோரிடம் மிச்சமிருப்பது ஒரே ஒரு வீடு. பிள்ளைக்கு அந்த வீடு குடியிருக்கத் தேவைப்படுவதில்லை. கடனுக்கு ஈடாகத்தான் தேவைப்படுகிறது. கையெழுத்து வாங்கும் நாள்வரை போன் தினமும் வரும். அதற்குப் பிறகு பெற்றோரிடம் கேட்டு வாங்க எதுவும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல பிள்ளைக்கும் வேலை போகும், கடன் ஏறும், திருமணம் முறியும். அப்போது கடன்காரன் கை வைப்பது உங்கள் தலைக்கு மேல் இருக்கும் கூரையில்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை ஒன்று, இரண்டு என்று சுருங்கிவிட்டது. நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல இது. சிங்கப்பூர் 1995-இலேயே பெற்றோர் பராமரிப்புக்குத் தனிச் சட்டம் போட்டது. சீனா 2013-இல், தனியே வாழும் பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்பதையே சட்டத்தில் எழுதியது. இந்தியாவில் 2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் வந்தது. வழக்கத்தாலும் ஊர்ப்பேச்சுக்குப் பயந்தும் நடந்துகொண்டிருந்ததைச் சட்டத்தில் எழுத வேண்டிய நிலை ஆசியாவின் பல மூலைகளில் வந்துவிட்டது. நம் பெற்றோர் மட்டும் இன்னும் ஊர்ப்பேச்சை நம்பிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இனி என்ன செய்வது. பெரும்பாலானவர்களுக்கு உயில் போதும். “உயில் செல்லாது, பத்திரம்தான் பலம்” என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டாம். நீங்கள் கையெழுத்திட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமல்ல, ஆனாலும் பதிந்துவிடுங்கள். நடக்க முடியாதவர் என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. சாட்சியாக உங்கள் வயதுக்காரரைப் போடாதீர்கள். உயில் நீதிமன்றத்துக்குப் போனால் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். அவர் உங்களுக்கு முன்பே போய்விட்டால் என்ன செய்வது? சொத்துப் பெறுகிறவரையும் அவர் மனைவியையும் சாட்சியாக்கவே வேண்டாம். எழுபதைக் கடந்தவர் என்றால், அதே நாளில் ஒரு மருத்துவரிடம் சுயநினைவோடு இருப்பதாகச் சான்று வாங்கி வைத்துக்கொள்வது பின்னால் பல வருட வழக்கை மிச்சப்படுத்தும்.

செட்டில்மென்ட்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதற்குச் செலவு குறைவு என்பதும் ஒரு காரணம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் உயர்த்தினார்கள். அப்படியும், அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு ஒரு கோடியானாலும் 50,000 ரூபாயில் வேலை முடிந்துவிடும். சலுகை நல்லதுதான். ஆனால் சலுகை இருக்கிறது என்பதற்காகக் கூரையைக் கொடுக்க வேண்டுமா?

எழுதியே தீர வேண்டுமென்றால் ஆவண எழுத்தரின் தயார் வாசகத்தை ஏற்காதீர்கள். இதைச் சேர்க்கச் சொல்லுங்கள்: “எனக்கும் என் மனைவிக்கும் எங்கள் இருவர் ஆயுள்காலம் முழுவதும் மேற்படி வீட்டில் குடியிருக்கும் உரிமை உண்டு. நீ எங்களுக்கு உணவு, உடை, மருத்துவச் செலவு முதலிய அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் குறைவின்றிச் செய்து தர வேண்டியது. தவறும் பட்சத்தில் இந்தச் செட்டில்மென்ட் 2007-ஆம் வருடத்திய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி ரத்து செய்யத்தக்கது. எங்கள் ஆயுள்காலத்தில் எங்கள் எழுத்துபூர்வமான சம்மதமின்றி இச்சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது.” முக்கியமாக, ‘ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை’ என்ற வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். அது கீழே இருந்தால் மேலே எழுதியதோடு மோதும். எழுத்தர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். மனைவி பெயரைச் சேர்க்க மறக்காதீர்கள். கணவர் காலமான பிறகு, பத்திரத்தில் பெயரே இல்லாமல் நிற்கும் அம்மாக்கள்தான் அதிகம்.

வங்கிக் கடனுக்காகப் பிள்ளை தன் பெயருக்கு மாற்றச் சொல்கிறானா? பெயரை மாற்றாமலே, நீங்கள் உடன் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ சேர்ந்து பத்திரத்தை ஈடு வைக்க முடியும். அதிலும் ஆபத்து உண்டு. தவணை நின்றால் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி ஏலத்துக்கு வரும். ஆனால் நோட்டீஸ் உங்கள் பெயருக்கும் வரும். சொத்து பிள்ளை பெயரில் இருந்தால், சுவரில் ஒட்டும்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வீடு மகனுக்கு, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து மகளிடம். பிறகு துரத்தப்பட்ட அம்மாவைக் கையைப் பிடித்து வக்கீலிடம் கூட்டி வருவது பெரும்பாலும் அந்த மகள்தான். 2007 சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்றால் வயது வந்த மகன், மகள், பேரன், பேத்தி எல்லோரும்தான். சொத்தில் ஒன்றும் வாங்காத மகளுக்கும் பராமரிக்கும் கடமை உண்டு. கடமையைச் சமமாக வைத்த சட்டம் இருக்கும்போது, எழுதுகிற நாளில் அவளை மறந்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே நிபந்தனை இல்லாமல் எழுதிக் கொடுத்தவர்களுக்கு வழியே இல்லையா? உண்டு, ஆனால் கடினம். 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, வாங்கியவர் பராமரிக்க மறுத்தால், அந்த மாற்றம் மோசடியாலோ கட்டாயத்தாலோ நடந்ததாகக் கருதி ரத்து செய்யலாம் என்கிறது. நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இறுக்கிப் பிடித்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது; இந்தச் சட்டத்தின் கீழுள்ள தீர்ப்பாயம் சொத்தைத் திரும்ப ஒப்படைக்கவும் உத்தரவிடலாம் என்றது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போய், ‘அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்ற வாசகத்திலேயே பராமரிக்கும் நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்றது. இதைக் கேட்டுவிட்டு, இனி நிபந்தனை எழுத வேண்டியதில்லை என்று முடிவு கட்டாதீர்கள், தயவுசெய்து. எழுதிய நிபந்தனையைக் காட்டினால் கோட்டாட்சியர் அலுவலகத்தோடு முடியும். எழுதாததற்கு உயர் நீதிமன்றம்வரை அலைய நேரிடும்.

மனு கொடுக்க வேண்டியது வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில். போலீஸ் ஸ்டேஷனில் தொடங்கி நாட்களை வீணாக்காதீர்கள். அடி, மிரட்டல் இருந்தால் மட்டும் முதலில் அங்கே. பத்திரத்தின் சான்றிட்ட நகல், வயதுச் சான்று, வில்லங்கச் சான்று, மருத்துவச் செலவு ரசீதுகள், உங்கள் செலவை நீங்களே பார்த்துக்கொண்டதைக் காட்டும் வங்கிக் கணக்கு, இத்தனையும் இணையுங்கள். மனுவில் வசைபாட வேண்டாம். எந்தத் தேதியில் எது மறுக்கப்பட்டது என்று எழுதுங்கள்: மருந்து வாங்கித் தரவில்லை, சமையலறையைப் பூட்டினார்கள், கண் அறுவைக்கு அழைத்துப் போகவில்லை. மருமகளை மட்டும் எதிர்மனுதாரராகப் போட்டால் பொதுவாக நிற்காது. சட்டப்படி பொறுப்பு உங்கள் பிள்ளைக்கு. மருமகளையும் சேர்த்து வீட்டைவிட்டு வெளியேற்றக் கேட்பதென்றால், குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் அவளுக்குள்ள குடியிருப்பு உரிமையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது.

பராமரிப்புத் தொகையையும் அதே அலுவலகத்தில் கேளுங்கள்; சட்டத்தில் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். விசாரணை நடக்கும்போதே இடைக்காலத் தொகை கேட்கலாம். எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் சேர்ந்த 90 நாட்களுக்குள் பராமரிப்பு மனுவை முடிக்க வேண்டும், மிஞ்சினால் இன்னும் 30 நாள். உத்தரவு பாதகமாக வந்தால் 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் மாவட்ட சமூக நல அலுவலரைப் பாருங்கள், அல்லது 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். உரிமையியல் நீதிமன்றத்தில் ஏமாற்றி வாங்கியதாக வழக்குப் போடுவதென்றால், விஷயம் தெரிய வந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் கெடு. “மகன் திருந்துவான்” என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறைய.

ரத்து உத்தரவு கைக்கு வந்ததும் அதைப் பூஜை அறையில் வைத்துவிடாதீர்கள். நகலைச் சார்பதிவகத்தில் கொடுத்துப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துப் புதிதாக வில்லங்கச் சான்று போட்டு, உத்தரவு அதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை பெயருக்குப் பட்டா மாறியிருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் திரும்ப மாற்ற மனு கொடுங்கள். இடையில் அவர் அடமானம் வைத்திருந்தால் அது வில்லங்கச் சான்றில் தெரியும். அந்த வங்கிக்கும் உத்தரவின் நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.