டின்ஜ்: நிறத்துக்கும் மனசுக்கும் பொதுவான ஒரு சொல், அதுக்கு தமிழ்ல என்ன?

டின்ஜ்னு (tinge) ஒரு இங்கிலீஷ் சொல் இருக்கு, படிக்கும்போது ஈஸியா புரிஞ்சிடும், தமிழ்ல எழுத உக்காந்தாதான் கை நின்னுடும். ஒரு நிறத்து மேல இன்னொரு நிறம் லேசா தெரிஞ்சா அது டின்ஜ், ஒரு உணர்ச்சிக்குள்ள இன்னொரு உணர்ச்சி கொஞ்சூண்டு கலந்திருந்தா அதுவும் டின்ஜ். சுவர் வெள்ளைதான், ஆனா உத்துப் பாத்தா நீலம் இருக்கு. வாழ்த்து சொல்றவரு மனசார சொல்றாருதான், ஆனா குரல்ல எங்கயோ ஒரு வருத்தம்.

டிண்ட் (tint) வேற, டின்ஜ் வேற, இதை நிறைய பேரு ஒண்ணாக்கிடுறாங்க. ஓவியம் படிக்கிறவங்க கணக்குல டிண்ட்னா ஒரு நிறத்தோட வெள்ளையை கலந்து மொத்தமா வெளிற வைக்கிறது, கருப்பை கலந்தா அது ஷேட். அதனால இளஞ்சிவப்பு, வெளிர்நீலம் எல்லாம் டிண்ட். டின்ஜ்க்கு ரெண்டு நிறம் வேணும், ஒண்ணு அடியில இருக்கணும், இன்னொண்ணு அது மேல லேசா வரணும். சிவப்பு ஓடின வெள்ளைன்னு சொல்றோமே, அதான் டின்ஜ்.

ஆனா ரெண்டுக்கும் பூர்வீகம் ஒண்ணுதான். லத்தீன்ல திங்கெரேன்னு ஒரு வினைச்சொல், நனைக்கிறது, முக்குறது, சாயம் ஏத்துறதுன்னு அர்த்தம். அதுல இருந்து வந்ததுதான் டின்ஜ், டிண்ட் எல்லாம். காயத்துக்கு போடுற டிங்சரும் அதே குடும்பம், டிங்சர்னாலே முதல்ல சாயம் போடுறதுதான், அப்புறம்தான் சாராயத்துல கரைச்ச மருந்துன்னு ஆச்சு. ஸ்பானிஷ்ல மைக்கு தின்தான்னு பேரு, அதுவும் இங்கிருந்துதான். இங்கிலீஷ்ல டின்ஜ் முதல்ல வினையாத்தான் வந்துச்சு, 15ஆம் நூற்றாண்டு கடைசியில. லேசான நிறம்ங்கிற பெயர்ச்சொல்லா மாறினது 18ஆம் நூற்றாண்டுலதான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா தமிழ்ல நாம தேடவேண்டிய இடமும் வினைச்சொல் பக்கம்தான்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

அகராதியில பாத்தா சாயல்னு போட்டிருக்கும். நல்ல சொல், பழைய சொல். தொல்காப்பியம் உரியியல்ல "சாயல் மென்மை"ன்னு ரெண்டே சொல்லுல ஒரு நூற்பாவே இருக்கு. குறள்ல (1183) "சாயலும் நாணும் அவர்கொண்டார் கைம்மாறா நோயும் பசலையும் தந்து"ன்னு வர்ற இடத்துல மேனியோட அழகுன்னு பொருள். இன்னைக்கு பேச்சுல சாயல்னா முக்கியமா ஜாடை, "அப்படியே அம்மா சாயல்"னு சொல்றோம்ல. அதனால நிறத்துக்கு சாயல் கச்சிதமா பொருந்தும், நீலச் சாயலுள்ள பச்சைன்னா யாருக்கும் குழப்பம் வராது. உணர்ச்சிக்கு போடும்போதுதான் கொஞ்சம் யோசிக்கணும். "அவர் சிரிப்பில் சோகத்தின் சாயல்"னா சோகம் உண்மையிலேயே இருக்கா, இல்ல சோகம் மாதிரி ஏதோ ஒண்ணு தெரியுதான்னு ஒரு சந்தேகம் நிக்கும். டின்ஜ்ல அந்த சந்தேகம் கிடையாது, சோகம் நிஜம், அளவுதான் கம்மி. இன்னொண்ணு, சாயலை வடமொழி சாயையோட போட்டு குழப்பிக்க வேணாம், அது நிழல், ராகு கேதுவை சாயா கிரகம்னு சொல்றது அந்த சொல்லை வச்சுத்தான்.

சரி, அப்போ நம்ம ஆளுங்க தினமும் இதை எப்படி சொல்றாங்க? போன்ல எடுத்த போட்டோ சரியில்லன்னா "மஞ்சளடிக்குது"ன்னு சொல்றோம், ரொம்ப நாள் வச்ச பேப்பர் பழுப்பேறிடுச்சுன்னு சொல்றோம், விஷம் ஏறின உடம்பு நீலம் பாரிச்சிருக்குன்னு சொல்றோம், தூங்காத கண்ணுல செவ்வரி ஓடியிருக்குன்னு சொல்றோம். அடிக்குது, ஏறுது, பாரிக்குது, ஓடுது, எல்லாமே வினை. லேசா ஒரு நிறம் எப்படி வந்துச்சுங்கிறதையும் சேத்தே சொல்லிடுது பாருங்க. ஏறுச்சுன்னா காலம் போகப்போக படிஞ்சது, ஓடுச்சுன்னா கோடு கோடா தெரியுது, பாரிச்சுதுன்னா உடம்பு முழுக்க பரவுது. டின்ஜ்ங்கிற ஒத்தை சொல்லு இத்தனையை சொல்லாது.

மனசு பக்கமும் இதே கதைதான். இழையோடுதுன்னு ஒரு சொல் இருக்கு, எனக்கு தெரிஞ்சு டின்ஜ்க்கு இதைவிட நெருக்கமா ஒண்ணு இல்ல. இழைன்னா நூல், நெசவுல வேற நிறத்து நூல் ஒண்ணே ஒண்ணு உள்ள ஓடினா துணியோட நிறம் மாறாது, ஆனா அந்த நூல் கண்ணுல படும். "வாழ்த்தில் வருத்தம் இழையோடியது"ன்னா அளவும் சரி, இடமும் சரி. இங்கிலீஷ்ல டின்ஜ் பெரும்பாலும் சோகம், பொறாமை, கசப்பு பக்கமே போகும், இழையோடுதுக்கு அந்த சாய்வு கிடையாது, நகைச்சுவையும் இழையோடும். அப்புறம் தட்டுது இருக்கு, சலிப்பு தட்டுது, கசப்பு தட்டுது, இது பேச்சுக்கு ரொம்ப இயல்பு. தொனிக்குது குரலுக்கும் எழுத்துக்கும் மட்டும், முகத்துல கோபம் தொனிச்சுதுன்னு எழுதாதீங்க.

தோய்ந்தங்கிற சொல்லை பத்தி தனியா சொல்லணும். தோய்னா நனையுறது, முங்குறது, அதாவது லத்தீன் சொல்லோட பொருளேதான், அதனால இதுதான் சரியான மொழிபெயர்ப்புன்னு தோணும். ஆனா "சோகம் தோய்ந்த குரல்"னா குரல் முழுக்க சோகத்துல ஊறிக் கிடக்கு, ரத்தம் தோய்ந்த கத்தின்னு சொல்ற மாதிரி. கொஞ்சூண்டு சோகத்துக்கு அதை போட்டா எழுதினவர் சொன்னதை பத்து மடங்கு பெருசாக்கிடுவோம், மொழிபெயர்ப்பு கதைகள்ல இது அடிக்கடி நடக்குது, படிக்கவே கஷ்டமா இருக்கும்.

நிறமும் உணர்ச்சியும் ஒரே சொல்லுல வர்றது நமக்கு புதுசும் இல்ல, பசலை அதுதானே. பிரிவால மேனியில வர்ற நிற மாற்றம், அந்த நிறமே பிரிவோட வலி. பசப்புறு பருவரல்னு 119ஆம் அதிகாரம் முழுக்க இதுக்குத்தான். அதுல "மேனிமேல் ஊரும் பசப்பு"ன்னு வருது (1182), நிறம் ஊர்ந்து போகுதாம். குறுந்தொகை 399ல பரணர் பசலையை ஊர் கேணியில இருக்கிற பாசியோட ஒப்பிடுறாரு, காதலர் தொடத்தொட விலகுது, விடவிட பரவுது. "விடுவுழி விடுவுழிப் பரத்தலானே"ன்னு முடிக்கிறாரு. அங்கயும் பாருங்க, ஊருது, பரவுது, வேலை செய்யுறது வினைச்சொல்தான்.

அதனால டின்ஜ்னு வந்தா முதல்ல எது மேல எது வந்திருக்குன்னு பாருங்க, அப்புறம் அதுக்கு ஏத்த வினையை எடுங்க. பெயர்ச்சொல்லே வேணும், வாக்கியத்தை மாத்த முடியாது, ஏதோ ஒரு ஆப்ல பட்டனுக்கு பேரு வைக்கணும்னா நிறத்துக்கு சாயல் போதும். டிண்ட்டுக்கு அதே சாயலை போடாம மென்னிறம்னு தனியா வச்சுக்கிட்டா ரெண்டும் மோதாது.