மதர்போர்ட் ஸ்கோரை நம்பி வாங்குவதற்கு முன்

திருகோணமலையில் கணினி பொருத்திக் கொடுக்கும் தொழிலில் இருப்பவனிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "அண்ணே, யூடியூப்பில வேகச் சோதனை செய்து பார்த்ததில இந்த போர்ட்தானே கூட ஸ்கோர் எடுத்திருக்கு?" எடுத்திருக்கும்தான். எப்படி எடுத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் போர்டுக்குப் போர்ட் வேகம் உண்மையிலேயே மாறியது. ராமோடு தரவைப் பரிமாறும் மெமரி கன்ட்ரோலர் அப்போது போர்டின் சிப்செட்டில், அதாவது போர்டின் முக்கியச் சில்லில், இருந்தது. ஏஎம்டி 2003இல் அத்லான் 64 உடனும், இன்டெல் 2008இல் முதல் கோர் ஐ7 உடனும் அதைப் புரொசசருக்குள்ளேயே கொண்டுபோய்விட்டன. இன்று ஒரே புரொசசர், ஒரே ராம், ஒரே செட்டிங் என்றால் இரண்டு நல்ல போர்டுகளுக்கிடையே ஒன்றிரண்டு சதவீதம்தான் மாறும். அந்தளவு வித்தியாசம் ஒரே போர்டில் இரண்டு தடவை ஓட்டினாலும் வரும்.

பிறகு எப்படிப் பெரிய இடைவெளி? புரொசசர் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று போர்ட் விதிக்கும் மின் வரம்புதான் காரணம். ஐ7 12700 புரொசசருக்கு இன்டெல் குறித்திருப்பது அடிப்படை 65 வாட், உச்சம் 180 வாட். இன்டெல் சொன்னபடி நடக்கும் போர்ட், அரை நிமிடமளவு உச்சத்தில் ஓடிவிட்டு 65க்கு இறங்கும். இன்னொரு போர்ட் வரம்பையே திறந்துவிட்டிருக்கும். புரொசசரின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் மென்பொருளில் அதுதான் முந்தும். ராமும் அப்படித்தான்: ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கைப் போடாவிட்டால் 3200 ராம் 2133இலோ 2666இலோ ஓடிக்கொண்டிருக்கும், பழி போர்டுக்குப் போகும்.

நம் ஊரில் நான் பார்ப்பது வேறொன்றை. புரொசசர் சாக்கெட்டின் ஓரமாக வரிசையாக நிற்கும் சாம்பல் நிறக் கட்டிகளும் பக்கத்துச் சின்னக் கறுப்புச் சில்லுகளும்தான் விஆர்எம், புரொசசருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பகுதி. விலை குறைந்த எச்610 சிப்செட் போர்டுகள் பலவற்றில் அதன்மேல் சூட்டை வெளியேற்றும் உலோக ஹீட்சிங்க் கிடையாது. விமர்சனக்காரர் ஏசி அறையில், கேசிங் இல்லாமல், மேசைமேல் விரித்துவைத்துச் சோதிக்கிறார். வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் இங்கே ஏசி இல்லாத அறை 33, 34 பாகையில் நிற்கும். ஏசி அறையைவிடக் கூடிய அந்தப் பத்துப் பன்னிரண்டு பாகை அப்படியே விஆர்எம்மின் தலையில் ஏறும். போதாததற்கு லிக்விட் கூலர் போட்டால், சாதாரண விசிறி அந்தப் பக்கம் தள்ளிய காற்றும் நின்றுவிடும்.

ஆகவே சினிபெஞ்ச் ஆர்23ஐ ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள். அதிலுள்ள பத்து நிமிடச் சோதனையை, கேசிங்கை மூடி, பகல் வெயில் நேரத்தில் ஓட்டுங்கள். பக்கத்தில் கணினியின் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து புரொசசரின் வேகத்தையும் வாட் அளவையும் பாருங்கள். மின் வரம்பால் ஒரு தடவை இறங்கிய பிறகு வேகம் ஒரே மட்டத்தில் நின்றால் சரி. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கினால், புரொசசரின் சூடும் நூறைத் தொடவில்லையென்றால், விஆர்எம் திணறுகிறது. மலிவு போர்டுகளில் விஆர்எம் வெப்பம் காட்டும் சென்சரே இல்லாமலும் இருக்கும். அதனால்தான் வேகத்தைப் பார்க்கச் சொல்கிறேன். ஐ3, ஐ5 12400 போன்றவற்றுக்கு இந்தப் போர்டுகள் போதும். ஐ7ஐ அதில் ஏற்றுவது காசு விரயம்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வாங்குபவர்களுக்கு இன்னொன்று. 2024இல் அவை நிலைகுலைந்த விவகாரத்துக்குப் பிறகு, இன்டெல்லின் சொந்த மின் வரம்புகளோடும், புரொசசரின் உள் நிரலான மைக்ரோகோடின் புதிய பதிப்போடும் பயோஸ்கள் (போர்டின் அடிப்படை மென்பொருள்) வந்தன. அதற்கு முன் எடுத்த ஒப்பீட்டு ஸ்கோர்களை இன்றைய போர்டோடு வைத்துப் பார்க்க முடியாது. பழைய பயோஸோடு கடையில் கிடந்த போர்ட் என்றால் முதலில் அப்டேட் செய்யுங்கள், நடுவில் மின்சாரம் போகாதபடி யூபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு.