அனுமதி இல்லாமல் இடித்துக் கட்டிய வீடு: வாங்குபவரும் குடியிருப்பவரும் கவனிக்க வேண்டியவை

வீடு வாங்குகிறவர்கள் என் போன்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை, அதாவது கட்டடத்தின் உறுதியைக் கணக்கிட்டுச் சோதிப்பவரை, கூப்பிடுவது பெரும்பாலும் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான். பத்திரத்தை வக்கீல் பார்த்துவிட்டார், வங்கியிலும் கடனுக்குச் சரி சொல்லிவிட்டார்கள், நீங்கள் சும்மா ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்பார்கள். போய்ப் பார்த்தால் ஹாலும் சமையலறையும் ஒன்றாகக் கிடக்கும், ஒப்புதல் வாங்கிய பிளானில் இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கும். அந்தச் சுவர் எப்போது போனது, யார் எடுத்தார்கள், அது தாங்கிக்கொண்டிருந்த எடையை எதன் மேல் ஏற்றினார்கள் என்று கேட்டால் விற்பவருக்கே தெரியாது. அவர் வாங்கும்போதே அப்படித்தான் இருந்ததாம்.

அனுமதி இல்லை என்றதும் எல்லோருக்கும் அபராதம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. முறைப்படி நடக்கும் வேலையில், கம்பி கட்டிய பின் கான்கிரீட் போடுவதற்கு முன்பும், வயர் இழுத்த பின் பூசுவதற்கு முன்பும், வேலை செய்தவரைத் தவிர இன்னொருவர் வந்து பார்க்க வேண்டும். அனுமதி இல்லாத வேலையில் அந்த இன்னொருவர் கிடையாது. பூச்சு வேலை முடித்து, பெயிண்ட் அடித்து, ஃபால்ஸ் சீலிங்கும் போட்டுவிட்டால் உள்ளே பீம் இருக்கிறதா இல்லையா என்பது செய்தவருக்கு மட்டுமே தெரியும். அவரைத் தேடிப் பிடிக்க முடிவதில்லை.

எடுத்த சுவரின் தடயம் ஓரளவு தெரியும். தரையில் டைல்ஸ் ஒரே ஒரு வரிசை மட்டும் நிறமோ அகலமோ மாறி நேர்கோடாக ஓடும், அங்கேதான் சுவர் நின்றிருக்கும். இருட்டிய பிறகு டார்ச்சைச் சீலிங்கோடு ஒட்டிப் படுக்கை வாக்கில் பிடித்துப் பார்த்தால், பகலில் தெரியாத மேடுபள்ளமும் தொய்வும் நிழலாகத் தெரியும். அப்புறம் மாடிக்குப் போங்கள். கீழே சுவர் போன இடத்துக்கு நேர் மேலே இன்னொரு சுவர் நிற்கிறதா? அதில் கதவு மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஏறுகிறதா? கதவு ஒரு பக்கம் உரசுகிறதா, மூடிய அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்கிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே சீலிங்கைத் திறந்து பார்க்காமல் பேரத்தைத் தொடர வேண்டாம் என்றுதான் சொல்வேன். தூண், பீம் அமைப்பில் கட்டிய வீட்டில் நடுச்சுவர் வெறும் தடுப்பாக இருக்கலாம், எடுத்ததால் ஒன்றும் ஆகியிருக்காது. சுவரே சுமை தாங்கும் பழைய வீட்டில் அப்படி எடுத்துக்கொள்ளவே முடியாது.

பால்கனியை மூடி அறையாக்குவது எல்லோரும் சாதாரணமாக நினைக்கிற வேலை, என்னை மிகவும் பயமுறுத்துவதும் அதுதான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி ஸ்லாபில் முக்கியக் கம்பி அடியில் இல்லை, மேல்பக்கம் இருக்கிறது. டைல்ஸ் மாற்றுகிறேன் என்று மேல்பக்கத்தைக் கொத்துகிறவர் அந்தக் கம்பியையே வெளியே கொண்டுவந்துவிடுகிறார், தண்ணீர் பட்டு அது துருப்பிடிக்கிறது. இது போதாதென்று பால்கனியின் வெளி நுனியில் நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒன்று. 3 மீட்டர் உயரத்துக்கு எழுப்பினால் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 600 கிலோவுக்கு மேல் வரும், பூச்சு தனி. வீட்டுத் தளங்களை வடிவமைக்கும்போது ஆள் நடமாட்டம், சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான் கணக்கு வைப்பது வழக்கம். பால்கனிக்குக் கொஞ்சம் கூட வைப்பார்கள். அந்தக் கணக்கில் இந்தச் சுவர் எங்கேயும் இல்லை.

இன்னொன்று. அந்தப் பால்கனியில் ஏற்கெனவே கேஸ் வாட்டர் ஹீட்டர் மாட்டியிருப்பார்கள். திறந்த இடமாக இருந்தவரை புகை வெளியே போனது. கண்ணாடி போட்டு அடைத்த பிறகு கார்பன் மோனாக்சைடு உள்ளேயே தங்கும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. குளித்துக்கொண்டிருப்பவர் தலை சுற்றுகிறது என்று உணர்வதற்குள் நினைவிழந்துவிடலாம். வாங்கப்போகும் வீட்டில் இப்படி இருந்தால் ஹீட்டரை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

வயரிங் பற்றிச் சுருக்கமாக: புதிதாகச் சேர்த்த அறைக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். விளக்குக்காக இழுத்த 1.5 சதுர மில்லிமீட்டர் வயரிலேயே ஏசியைக் கோத்துவிட்டிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். ஏசி கொஞ்ச நேரம் ஓடிய பின் ஸ்விட்ச் போர்டின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

மாடி மேல் மாடி ஏற்றியிருந்தால் அது இன்னும் பெரிய விஷயம். 2019 பிப்ரவரி 6 அன்று இஸ்தான்புல்லின் கார்த்தால் பகுதியில் 8 மாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து 21 பேர் இறந்தார்கள். மேலே இருந்த 3 மாடிகளும் அனுமதி இல்லாமல் ஏற்றியவை என்று அதிகாரிகள் சொன்னார்கள். அஸ்திவாரத்தையும் தூண்களையும் கணக்குப் பார்க்காமல் ஏற்றிய மாடியை, பார்க்க உறுதியாக இருக்கிறது என்பதற்காக நான் ஒருபோதும் ஏற்றுக்கொள்வதில்லை. மேலே புதிதாக 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தாலே ஒரு டன், அது எந்தத் தூணுக்கு மேல் நிற்கிறது என்பதைக்கூடக் கேட்க வேண்டும்.

சரி, வாங்குபவர் என்ன செய்வது? ஒப்புதல் பெற்ற பிளானின் நகலை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அவரிடம் இல்லையென்றால் ஒப்புதல் கொடுத்த அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். பிளானைக் கையில் வைத்துக்கொண்டு டேப் பிடித்து அறை அறையாக அளந்து பாருங்கள், ஒரு மதியம் போதும். வரி ரசீதில் உள்ள பரப்பும் நீங்கள் அளந்த பரப்பும் ஒத்துப்போகிறதா பாருங்கள். என்னென்ன மாற்றம் செய்தீர்கள், எதற்கெல்லாம் அனுமதி இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதற்குப் பின்னாளில் ஆதாரம் இருக்காது. பெரும்பாலான ஊர்களில் நோட்டீஸ் வருவது இன்றைய உரிமையாளர் பெயருக்குத்தான், வேலையைச் செய்தவர் பெயருக்கு அல்ல. விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதையே காரணமாகக் காட்டி மறுக்கலாம்.

அப்படியும் அந்த வீடுதான் வேண்டும் என்றால், விலையைக் குறைத்துக் கேட்கும் முன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: இந்த வேலைக்கு முறையாக அனுமதி கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கும் என்றால் கட்டணமும் அபராதமும் கட்டி, தேவையான பலப்படுத்தலைச் செய்து முறைப்படுத்த வழி இருக்கலாம். பக்கத்து மனைக்கு விட வேண்டிய இடத்தில் அறை கட்டியிருந்தாலோ, அனுமதித்த உயரத்தைத் தாண்டியிருந்தாலோ கடைசியில் இடிக்கச் சொல்லலாம். அந்த அறையை வீட்டின் பரப்பில் சேர்க்காமலும், இடிக்கும் செலவைச் சேர்த்தும் விலை பேசுங்கள். முறைப்படுத்தித் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால், அது முடிந்த பிறகுதான் பத்திரப்பதிவு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வாங்கிக் குடியேறிவிட்டவர்கள் பலர் இதைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருப்பார்கள், அவர்களுக்கு இது: பெரும்பாலான வீடுகளைச் சரிசெய்துவிட முடியும். முதலில் அந்த வேலையோடு சம்பந்தமே இல்லாத ஓர் இன்ஜினியரை வைத்துப் பாருங்கள். வேலை செய்த மேஸ்திரியையே கூப்பிட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்டுப் பயனில்லை. வீடு முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை, இரண்டு மூன்று இடத்தில் மட்டும் பூச்சை எடுத்துப் பார்ப்போம், உள்ளே கம்பி எங்கே ஓடுகிறது என்பதைக் கருவியால் ஸ்கேன் செய்ய முடியும், சந்தேகம் இருந்தால் கான்கிரீட்டில் சின்ன உருளை மாதிரி எடுத்துச் சோதிப்போம். அறிக்கை கைக்கு வந்த பிறகு அதையும் எடுத்துக்கொண்டு பிளான் ஒப்புதல் தரும் அலுவலகத்துக்குப் போங்கள். புகார் போய் அவர்கள் வருவதற்கும், நீங்களாகப் போய் விண்ணப்பிப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. பூச்சை எடுத்த இடங்களைத் திரும்ப மூடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் அளவு டேப்பை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

விரிசல் இருந்தால் அதன் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். மாதங்கள் கழித்தும் கோட்டைத் தாண்டவில்லையென்றால் அவசரம் இல்லை, நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் நாலைந்து நாளில் தாண்டினாலோ, இதுவரை சரியாக இருந்த கதவு திடீரென்று சிக்கிக்கொண்டாலோ, சுவருக்குள்ளிருந்து வெடிக்கும் சத்தம் கேட்டாலோ காத்திருக்காதீர்கள். சியோலில் சாம்பூங் பல்பொருள் அங்காடிக் கட்டடத்தில் பிளானில் இல்லாத 5-ஆம் மாடியைச் சேர்த்திருந்தார்கள். எஸ்கலேட்டருக்காகத் தூண்களையும் எடுத்திருந்தார்கள். 1995 ஜூன் 29 காலையிலேயே மேல்மாடியில் விரிசல் பெரிதாகிவிட்டது, அந்த மாடியை மட்டும் மூடிவிட்டுக் கீழே வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். மாலையில் கட்டடம் இடிந்து 502 பேர் இறந்தார்கள். எனவே அந்த அறிகுறிகள் தெரிந்தால் சாமானை எடுக்க நிற்காமல் எல்லோரையும் வெளியே கூட்டிவாருங்கள். அடுக்குமாடி என்றால் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் சொல்லுங்கள், தீயணைப்புத் துறைக்கும் இன்ஜினியருக்கும் வெளியே நின்றே போன் செய்யுங்கள், முட்டுக் கொடுத்து அவர்கள் சரி என்று சொல்லும் வரை யாரும் உள்ளே போக வேண்டாம்.