பத்துக் கையெழுத்து: இங்கிலாந்துக் கிராமங்களில் கவுண்டித் தேர்தல் நடந்த விதம்

1949 ஏப்ரலில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுண்டி கவுன்சில்களுக்கு, அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதிகளின் உள்ளாட்சி மன்றங்களுக்கு, தேர்தல் நடந்தது. கிராமப்புறக் கவுண்டிகளில் ஏராளமானோர் அன்று வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. சோம்பல் மட்டும் காரணமில்லை, பல தொகுதிகளில் சாவடியே திறக்கவில்லை. ஒரே ஒருவர் மனு போட்டிருப்பார், அவரே போட்டியின்றித் தேர்வு. சில கவுண்டிகளில் பாதிக்கு மேற்பட்ட இடங்கள் இப்படித்தான் நிரம்பின. பத்து மாதம் கழித்து, 1950 பிப்ரவரியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுக்க 84 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். அதே மக்கள், அதே ஊர்கள்.

கவுன்சில் ஒன்றும் அதிகாரம் இல்லாத அமைப்பு அல்ல. 1888ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை கவுண்டி நிர்வாகம் மாஜிஸ்திரேட்டுகள் கையில், அதாவது பெரும்பாலும் நிலப்பிரபுக்கள் கையில் இருந்தது. 1889இல் முதல் தேர்தல் நடந்தது. 1949 வந்தபோது பள்ளிக்கூடம், சாலை, நூலகம், தீயணைப்பு, நிலத் திட்டமிடல், ஆதரவற்ற குழந்தைகளின் பராமரிப்பு எல்லாம் கவுண்டியின் பொறுப்பு. கேம்பிரிட்ஜ்ஷயரின் கல்விச் செயலர் ஹென்றி மோரிஸ் 1930இல் சாஸ்டன் கிராமத்தில் ஒரு ‘வில்லேஜ் காலேஜ்’ திறக்க வைத்தார். பகலில் சிறுவர்களுக்குப் பள்ளி, மாலையில் பெரியவர்களுக்கு வகுப்பும் நூலகமும். ஒரு கவுண்டி நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அது நல்ல சாட்சி.

ஓட்டுரிமையும் அப்போதுதான் விரிந்திருந்தது. 1945 வரை உள்ளாட்சி ஓட்டு, வரி கட்டும் குடியிருப்பாளருக்கும் அவருடைய துணைக்கும் மட்டுமே. பெற்றோர் வீட்டில் இருக்கும் வளர்ந்த பிள்ளைகள், எஜமானர் வீட்டிலேயே தங்கி வேலை செய்பவர்கள் போன்றோருக்கு இல்லை. போரால் 1937க்குப் பிறகு தேர்தலே நடக்காமல் இருந்து, 1946இல்தான் 21 வயது நிறைந்த இவர்கள் எல்லோரும் முதன்முறையாகக் கவுண்டித் தேர்தலில் ஓட்டுப் போட முடிந்தது.

சரி, போட்டி இருந்த தொகுதியில் என்ன நடக்கும்? பெரும்பாலும் கிராமப் பள்ளிக்கூடம்தான் சாவடி. நீங்கள் போனதும் எழுத்தர் உங்கள் பெயரையும் பட்டியல் எண்ணையும் சத்தமாகச் சொல்வார். கட்டிலிருந்து ஒரு வாக்குச்சீட்டைக் கிழிப்பார். அதன் பின்பக்கம் ஒரு வரிசை எண் அச்சாகியிருக்கும், அதே எண் அடிக்கட்டையிலும் இருக்கும். உங்கள் பட்டியல் எண்ணை அந்த அடிக்கட்டையில் எழுதிக்கொள்வார். ஆக, எந்தச் சீட்டு யாருடையது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது! ரகசிய வாக்கெடுப்பு என்று சொல்லிவிட்டு இதென்ன கூத்து என்று தோன்றும்.

1872ஆம் ஆண்டு வாக்குச்சீட்டுச் சட்டத்தின் சாமர்த்தியமே இங்கேதான். உங்கள் பெயரில் வேறொருவர் கள்ள ஓட்டுப் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போய்க் கேட்டால் வேறு நிறத்தில் ஒரு சீட்டுத் தருவார்கள். அதை எண்ணமாட்டார்கள், தனி உறையில் வைப்பார்கள். நம்மூரில் ‘49பி’ (49P) விதி என்று பேசப்படுவது இதன் வாரிசுதான். வழக்கு வந்தால் நீதிமன்றம் அடிக்கட்டையைத் திறந்து, கள்ளச் சீட்டைத் தேடி எடுத்து, கணக்கிலிருந்து கழிக்கலாம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் திறக்கக்கூடாது. எண்ணும்போதும் சீட்டுகள் முகம் மேலே பார்த்தபடிதான் இருக்க வேண்டும், பின்பக்க எண் யார் கண்ணிலும் படக்கூடாது. சீட்டுக் கட்டும் அடிக்கட்டைக் கட்டும் தனித்தனியே முத்திரையோடு கிடக்கும்வரை ரகசியம் பத்திரம்.

இன்னொரு பூட்டும் உண்டு. சீட்டைத் தருமுன் ஒரு சிறு கருவியால் அழுத்தி, இருபக்கமும் தெரியும்படி அதிகாரபூர்வக் குறி இடுவார்கள். குறி எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டி வெளியே விடமாட்டார்கள். பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, மடித்து, பின்பக்கக் குறியை அதிகாரியிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். வெளியே அச்சடித்த போலிச் சீட்டை உள்ளே நுழைக்க முடியாது. இதில் ஒரு வேடிக்கை: எழுத்தர் குறி போட மறந்தால் செல்லாமல் போவது உங்கள் ஓட்டு. தப்பு அவருடையது, தண்டனை உங்களுக்கு.

சீட்டில் கட்சிப் பெயரும் கிடையாது, சின்னமும் கிடையாது. பெயர், முகவரி, ‘விவசாயி’, ‘பாதிரியார்’ என்பதுபோல் ஒரு விவரம், அவ்வளவுதான். அந்த விவரத்தில் அரசியல் எட்டிப் பார்க்கக்கூடாது என்று சட்டமே தடுத்தது. ஊரில் யார் யாரென்று தெரிந்தவருக்கு இது போதும். புதிதாக நிற்கும் ஒருவருக்கு இது பெரிய இடைஞ்சல்.

இத்தனை கவனமான ஏற்பாடு, பிறகு ஏன் போட்டியே இல்லை? என்னைக் கேட்டால், சிக்கல் பெட்டியில் இல்லை, பெட்டிக்கு முன்னும் பின்னும் இருந்த இரண்டு வாசல்களில் இருந்தது. இரண்டிலும் ரகசியம் இல்லை.

முதல் வாசல் வேட்புமனு. டெபாசிட் கிடையாது. ஆனால் முன்மொழிபவர், வழிமொழிபவர், மேலும் எட்டு வாக்காளர்கள் என்று பத்துப் பேர் அந்தத் தொகுதிக்குள்ளிருந்தே கையெழுத்துப் போட வேண்டும். எதிர் வேட்பாளர் அதைப் பார்க்கலாம். பண்ணைத் தொழிலாளிகளில் பலர் குடியிருந்ததோ பண்ணையாருக்குச் சொந்தமான வீட்டில். வேலை போனால் வீடும் போகும். முதலாளியோ, முதலாளியின் நண்பரோ நிற்கும் தொகுதியில் அவரை எதிர்ப்பவரின் மனுவில் கையெழுத்துப் போட எத்தனை பேருக்குத் துணிவு வரும்? ஓட்டுப் போடும்போது மறைத்துக்கொள்ளலாம், மனுவில் மறைக்க முடியாது. டர்ஹம் கவுண்டியில் நிலைமை வேறு. அங்கே சுரங்கத் தொழிலாளர் சங்கம் ஒவ்வொரு ஊரிலும் வேரூன்றியிருந்தது, பத்துக் கையெழுத்து ஒரு பொருட்டே இல்லை. 1919இலேயே தொழிற்கட்சி டர்ஹமைப் பிடித்து, சுரங்கத் தொழிலாளியாக இருந்த பீட்டர் லீயைத் தலைவராக்கியது.

பணமும் இதில் சேர்ந்துகொண்டது. கூட்டங்கள் வாரநாளில், பகலில், கவுண்டித் தலைநகரில் நடக்கும். இழந்த கூலிக்கு ஈட்டுப்படி தரும் ஏற்பாடு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது. அதுவரை ஒரு கூலித் தொழிலாளி ஜெயித்தாலும் போய் உட்கார வழியில்லை.

இரண்டாவது வாசல் ஆல்டர்மன். இந்தப் பதவிக்கு மக்கள் ஓட்டுப் போடுவதில்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள். கவுன்சிலர்களின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு ஆல்டர்மன்கள். கவுன்சிலருக்குப் பதவிக்காலம் மூன்று ஆண்டு, ஆல்டர்மனுக்கு ஆறு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பாதிப் பேர் மாறுவார்கள். தேர்தலில் தோற்றவரைக்கூட ஆல்டர்மனாக்கி உள்ளே கொண்டுவரலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கவுன்சிலர்கள், 20 ஆல்டர்மன்கள். இருபது பேரும் பழைய அணி. தேர்தலில் புதிய அணி 31 இடம் ஜெயிக்கிறது, பழைய அணிக்கு 29. கூட்டத்தின் முதல் வேலை தலைவர் தேர்வு. அதில் இன்னும் மூன்று ஆண்டு மிச்சமுள்ள பத்து ஆல்டர்மன்களுக்கும் ஓட்டு உண்டு. 29உம் பத்தும் சேர்ந்து 39, எதிரே 31. தலைவர் பழைய அணிக்காரர்! அடுத்து காலியான பத்து ஆல்டர்மன் இடங்கள். இதில் கவுன்சிலர்களுக்கு மட்டுமே ஓட்டு. 31 பேரும் ஒன்றாக நின்றால் பத்தும் புதிய அணிக்கு, 41க்கு 39 என்று ஆட்சி கைக்கு வரும். ஒரே ஒருவர் அணி மாறினால் 30க்கு 30, சமம். அப்போது முடிவு செய்வது தலைவரின் ஓட்டு. அப்புறம் என்ன, பழைய அணியே நீடிக்கும். இதையும் கவனியுங்கள்: இந்த ஓட்டு கையெழுத்திட்ட சீட்டில் போடப்படும், தலைவர் அதைச் சபையில் உரக்கப் படிப்பார். பழைய பெரியவரின் முகத்துக்கு நேரே அவருக்கு எதிராக ஓட்டுப் போடுவது எளிதல்ல.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. நகரம்தான் என்றாலும் லண்டன் கவுண்டி கவுன்சிலில் அதே 1949இல் தொழிற்கட்சிக்கு 64, கன்சர்வேடிவ்களுக்கு 64, லிபரலுக்கு 1 என்று முடிவு வந்தது. லண்டனில் ஆல்டர்மன்கள் ஆறில் ஒரு பங்குதான். ஆனாலும் அவர்களில் தொழிற்கட்சிக்குப் பெரும்பான்மை இருந்ததால் ஆட்சி மாறவில்லை.

நாட்டில் அரசியல் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கிராமக் கவுண்டிகள் மெதுவாகவே அசைந்ததற்கு இந்த அமைப்பே பெரிய காரணம். அனுபவசாலிகளைத் தக்கவைக்கும் ஏற்பாடு என்று அன்று இதை ஆதரித்தவர்கள் உண்டு, அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் யாருடைய அனுபவம் என்ற கேள்விக்கு அவர்களிடம் நல்ல பதில் இல்லை.

1969ஆம் ஆண்டுச் சட்டம் சீட்டில் கட்சியைக் குறிப்பிட அனுமதித்தது. 1974இல் புதிய கவுண்டிகள் உருவானபோது ஆல்டர்மன்கள் ஓட்டுரிமையோடு உட்காருவது நின்றது. சீட்டின் பின்பக்க எண் மட்டும் இன்றும் இருக்கிறது. இப்போது இங்கிலாந்தில் கவுன்சிலராக நிற்க மனுவில் இரண்டு கையெழுத்து போதும்.