உங்கள் கட்டுரையைப் பாராட்டி வரும் மெயில்

ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உளவு என்று பேச்செடுத்தாலே பேராசிரியர்கள் சிரிப்பார்கள். "என் மண்புழு ஆராய்ச்சியை எந்த நாடு திருடப் போகுது சார்?" என்றார் ஒருவர். அவருக்கு மப்னா வழக்கைச் சொன்னேன்.

2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஈரானியர் ஒன்பது பேர்மீது குற்றம் சாட்டியது. மப்னா என்ற நிறுவனத்தின் வழியே, ஈரானின் புரட்சிக் காவல் படைக்காக 2013 முதல் பல்கலைக்கழகங்களுக்குள் புகுந்தார்கள் என்பது வழக்கு. குறிவைத்தது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பேராசிரியர்களை. சிக்கியவை சுமார் 8,000 கணக்குகள். அமெரிக்காவில் 144 பல்கலைக்கழகங்கள், வேறு 21 நாடுகளில் 176. அள்ளியது 31 டெராபைட்டுக்கு மேல். பொறியியல், மருத்துவம், சமூக அறிவியல் என்று எதையும் விடவில்லை. திருடிய கணக்குகளைக் காசுக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்குள் நேராக நுழைந்தார்கள். மண்புழுக்காரரின் கட்டுரை வேண்டாம், அவருடைய சாவி போதும்.

வந்த மெயில் எப்படி இருந்தது தெரியுமா? வேறொரு பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுதியதுபோல: உங்கள் கட்டுரையைப் படித்தேன், இதோ இதையொட்டிய இன்னும் சில கட்டுரைகள். லிங்கைத் தட்டினால் உங்கள் பல்கலைக்கழகத்தின் லாகின் பக்கமே வந்து நிற்கும். முகவரியில் மட்டும் சின்ன மாற்றம். 'அடடா, லாகவுட் ஆகிவிட்டதே' என்று நாமே பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவோம். நம் கட்டுரையை யாரோ படித்திருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் முகவரியை யார் பார்க்கிறார்கள்!

அதனால் நூலகத்துக்கு நீங்கள் சேமித்து வைத்த முகவரியிலிருந்தே போங்கள், மெயிலில் வந்த லிங்க் வழியாக வேண்டாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பு நல்லதுதான். ஆனால் போலிப் பக்கத்தில் ஓடிபியையும் சேர்த்துக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தட்டிவிட்டீர்களா? சரி, உடனே சொல்லுங்கள். எங்களிடம் ஒருவர் வெட்கப்பட்டு நான்கு நாள் மறைத்தார். பாஸ்வேர்டை மட்டும் தானே மாற்றிக்கொண்டார். அதற்குள் அவருக்கு வரும் மெயிலெல்லாம் வெளி முகவரி ஒன்றுக்கும் போகும்படி யாரோ செட்டிங்கை மாற்றியிருந்தார்கள். பாஸ்வேர்டு மாறினாலும் அது மாறாது. அந்த நான்கு நாளில் என்னென்ன போயிற்று என்று தேடவே எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

மண்புழுக்காரர் போன மாதம் ஒரு பாராட்டு மெயிலோடு வந்தார். "இது நிஜமா, சார்?" அனுப்பியவரின் பல்கலைக்கழக இணையதளத்தில் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தோம். நிஜமான ஆள்தான். அரை மணி நேரம் மண்புழுவைப் பற்றியே பேசினார்கள்.